காய்ச்சல் ஒருத்திக்கு, அறிவித்தல் 46 பேருக்கு

விடிய 5.10க்கு எங்களில ஒருத்தி படுத்த பாயில கிடந்தபடி போனில எழுதினாள்: "குட் மோர்னிங் சேர். ஐ ஹேவ் ஃபீவர். டுடே கான்ட் கம். சொறி சேர்." எழுதினது சுப்பவைசருக்கு. போய் விழுந்தது பாசிக்குடாவில உள்ள ஒரு ஹோட்டலின் ஹவுஸ்கீப்பிங் வாட்ஸ்அப் குறூப்பில. அதில 46 பேர். றூம் துப்புரவாக்கிறவங்க, லோன்றிக்காரர், தோட்டம் பாக்கிறவங்க, ஸ்டோர் கீப்பர், சுப்பவைசர்மார், மனேஜர், கொழும்பு ஹெட் ஒஃபிசில இருந்து ஒருத்தரும் இதுவரை முகம் காணாத ரெண்டு நம்பர். லீவு சொல்ற இடம் அதுதான். தனியாச் சொல்லக்கூடாது என்று விதி.

அரை மணித்தியாலம் பதில் இல்லை. மெசேஜை அமத்திப் பிடிச்சால் ஆர் ஆர் வாசிச்சிருக்காங்க என்று காட்டும். பேர் ஏறிக்கொண்டே போகுது, பதில் மட்டும் இல்லை. 5.41க்கு ஒரு சொல் வந்தது: "பிறூஃப்?" அவள் தேர்மாமீற்றரைக் கையில வச்சுப் படம் எடுத்துப் போட்டாள். 101.4. அதுக்குக் கீழ ஒருத்தன் சிரிக்கிற ஸ்டிக்கர் ஒண்டு ஒட்டினான். 6.15க்கு "ஓகே. டுமோரோ மஸ்ட் கம்."

இதில ஒருத்தரும் சாகல்ல. ஒருத்தருக்கும் வேலை போகல்ல. "இதெல்லாம் ஒரு பிரச்சினையாகா?" என்று எங்கட கூட்டத்திலயே கேட்டாங்க. காணிப் பிரச்சினை இருக்கு, கடற்கரைப் பாதை அடைபட்ட பிரச்சினை இருக்கு, மீன்பிடிக்கிற ஆக்களைத் தள்ளிவிட்ட கதை இருக்கு. அதுக்கு முன்னால ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் சின்ன விசயம்தான். ஆனால் போர் முடிஞ்ச பிறகு, 2011 தொட்டு அந்தக் குடாவைச் சுத்தி ஒண்டுக்குப் பின் ஒண்டாய் எழும்பின ஹோட்டல்களில எங்கட வயசுக்காரர் தினமும் முட்டிக்கொள்றது காணிச் சட்டத்தோட இல்ல, இந்தக் குறூப்போடதான். ஆகவே எழுதுறம்.

ஒருத்தர் வேலைக்கு வராட்டி அவரோட வேலை செய்யிற மற்றவங்களுக்கு மூண்டு விசயம் தெரியவேணும். ஆர் வரல்ல, எத்தனை நாளைக்கு, அவரின்ட வேலையை ஆர் பாக்கிறது. அவ்வளவும்தான். "ஏன்" என்ற நாலாவது கேள்விக்கு உரிமை உள்ளவர், இருந்தால், ஒரே ஒருத்தர்: லீவைக் கணக்கு வைக்கிறவர். குறூப் என்ன செய்யுதென்றால், 46 பேருக்குத் தேவையான தகவலையும் ஒருத்தருக்கு மட்டும் உரிய தகவலையும் ஒரே சட்டியில போட்டுக் கலக்குது. அப்படிக் கலந்த உடனே அறிவித்தல் மன்றாட்டமாய் மாறுது. "நான் இண்டைக்கு இல்ல" என்ற செய்தி, "நான் பொய் சொல்லல்ல, நம்புங்க" என்ற செய்தியாய் மாறுது. படம் எடுத்துப் போடவேண்டி வாறது அதுக்குத்தான். சேலைன் ஏறுற கை, கிளினிக் கொப்பி, மருந்துச் சீட்டு, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ். ஒரு வருசத்துக் குறூப்பை மேல இழுத்துப் பார்த்தால் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின்ட பதிவேடு மாதிரி இருக்கும்.

ஸ்டிக்கர் போட்டவனைத் திட்டிப்போட்டுப் போறது லேசு. நாங்களும் முதல்ல திட்டினம். மறுகா அவனோடயே கதைச்சுப் பார்த்தம். அவனுக்கு அண்டைக்கு 13 றூம். அவள் வராததால 17. பழைய ஆக்கள் 12 மணிக்கு வெளிக்கிட, புது ஆக்கள் 2 மணிக்கு உள்ளுக்க வருவாங்க. அந்த ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள கட்டில் விரிச்சு, குளியலறை தேய்ச்சு, துவாய் மடிச்சு, கடல் மண்ணைக் கூட்டித் தள்ளவேணும். நாலு றூம் கூடினதுக்குக் காசு கூடாது. மத்தியானச் சாப்பாட்டை நிண்டபடி தின்றதுதான் அவனுக்குக் கிடைச்சது. அவன்ட கோவம் நியாயம். போய்ச் சேர்ந்த இடம்தான் பிழை. 46 பேர் வேலை செய்யிற பகுதியில எந்த நாளும் ரெண்டு பேராவது வராமல் இருப்பாங்க என்பது கணக்குத் தெரிஞ்ச எவருக்கும் தெரியும். அதுக்கெண்டு மேலதிகமா ஆள் வைக்கிறது ஹோட்டலின்ட வேலை. வைக்கல்ல. வைக்காத பழி காய்ச்சல்காரியின்ட தலையில விழட்டும் என்றுதான் அவளை எல்லாருக்கும் முன்னால சொல்லச் சொல்றாங்க. திட்டம் போட்டுச் செய்யிறாங்களோ தெரியா, நடக்கிறது இதுதான். சில இடத்தில இன்னும் ஒரு படி மேல: "லீவு வேணுமெண்டால் உனக்குப் பதில் ஆளை நீயே பிடிச்சுத் தா." விடிய அஞ்சு மணிக்குக் காய்ச்சலோட ஒருத்தி ஒவ்வொருத்தருக்கா கோல் எடுத்துக் கெஞ்சுறாள். அது ரோஸ்டர் போடுறவரின்ட வேலை. அதுக்குத்தான் அவருக்குச் சம்பளம்.

சட்டம் என்ன சொல்லுது? கடை, அலுவலக ஊழியர் சட்டம், 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம். வருசத்துக்கு 14 நாள் ஆண்டு விடுமுறை, 7 நாள் அமய விடுமுறை. முதல் வருசத்தில ரெண்டு மாசத்துக்கு ஒரு நாள் அமய விடுமுறை சேரும். அந்த 7 நாளும் எதுக்கென்றால்: சொந்த அலுவல், சுகவீனம், அல்லது நியாயமான வேற காரணம். வரிசையைப் பாருங்க. முதல்ல நிக்கிறது சொந்த அலுவல். சொந்தம் என்ற சொல்லுக்குத் தமிழில ஒரு அர்த்தம் இருக்கு. இந்தச் சட்டம் வந்து 70 வருசம் தாண்டிற்று. ஹோட்டலில வேலை செய்யிற எங்கட நண்பர்கள் பத்துப் பேரிட்டக் கேட்டம், தங்கட அமய விடுமுறையில எத்தனை நாள் மிச்சம் என்று. ரெண்டு பேருக்குத் தெரிஞ்சிருந்தது. மற்ற எட்டுப் பேரும் "சேர் தந்தால் லீவு" என்றாங்க.

அரசாங்க வேலைக்காரரைப் பாருங்க. எங்கட வீடுகளில அரைவாசிப் பேரின்ட கனவு அரசாங்க உத்தியோகம் என்பதுக்கு பென்சன் மட்டும் காரணமில்ல. அங்க அமய விடுமுறை 21, ஓய்வு விடுமுறை 24, மொத்தம் 45 நாள். ஹோட்டலில 21. எண்ணிக்கையை விடுவம், சொல்ற முறையைப் பாப்பம். பொது 125அ என்று ஒரு படிவம். கச்சேரியில, பள்ளிக்கூடத்தில, பிரதேச செயலகத்தில எல்லாரும் நிரப்புற தாள். காரணம் எழுத அதிலயும் இடமிருக்கு, அந்த நாளில கடமையைப் பாக்கிறவர் ஆர் என்று எழுதவும் இடமிருக்கு. ஆனால் அது போறது ஒரு மேலதிகாரியின்ட மேசைக்கு. ஸ்டாஃப் றூம் சுவரில ஒட்டுறதில்ல. வெள்ளைக்காரன்ட காலத்து அலுவலகப் பழக்கத்தில எங்களுக்கு ஆயிரம் குறை இருக்கு. இந்த ஒரு விசயத்தில அந்தப் பழுப்புத் தாள், ஸ்மார்ட் போனை விட மரியாதை தெரிஞ்சது.

பொம்பிளைப் பிள்ளைகளின்ட கதை தனி. மாதவிடாய் வலியில எழும்ப ஏலாமல் கிடக்கிறவள் குறூப்பில என்ன எழுதுவாள்? "வயித்துக்குத்து" என்று எழுதுவாள். மாசா மாசம் வயித்துக்குத்து வந்தால் ஒருத்தன் தேதி எண்ணத் தொடங்குவான். எண்ணினாங்க. அதைப் பகிடியாக்கினாங்க. கரு கலைஞ்ச ஒரு அக்கா மூண்டு நாள் "சிக்" என்று மட்டும் எழுதிப்போட்டு, நாலாம் நாள் "வட் சிக்?" என்ற கேள்விக்குப் பதில் எழுத ஏலாமல் வேலையையே விட்டுட்டா. வேலையைவிட்ட காரணம் இண்டைக்கும் அந்தக் குறூப்பில ஒருத்தருக்கும் தெரியா. எங்களுக்கும் அவ சொல்லித்தான் தெரியும். எழுதச் சொன்னதும் அவதான்.

மாதவிடாய் விடுமுறை வேணும் என்று எங்களில பலபேர் கேட்கிறம். இந்தியாவில பீகார் அரசு 1992லேயே தன்ட பெண் ஊழியர்களுக்கு மாசம் ரெண்டு நாள் குடுத்தது, நாங்கள் ஏன் கேட்கக்கூடாது? கேட்பம். ஆனால் இப்ப இருக்கிற குறூப்பில அந்த லீவைக் குடுத்தால் என்ன நடக்கும் என்று ஒருக்கா யோசிச்சுப் பாருங்க. 46 பேருக்கு மாசா மாசம் அறிவித்தல். லீவுக்குப் பேர் வைக்கிறதுக்கு முதல் அதை ஆரிட்டச் சொல்றது என்றதைத் தீர்க்கவேணும்.

அடுத்தது "48 மணித்தியாலத்துக்கு முதல் அறிவிக்கவேணும்" என்ற விதி. ஓட்டமாவடியில ஒரு வீட்டில விடியச் சாமத்தில மவுத் நடந்தால் லுஹர் தொழுகையோட ஜனாஸா அடக்கம் முடிஞ்சிரும். 48 மணித்தியாலம் அங்க மையித்துக்கே கிடையாது. வாழைச்சேனையில, பேத்தாழையில, கிரானில சாவீடு என்றால் அண்டைக்கோ அடுத்த நாளோ எடுத்திருவாங்க. மறுகா எட்டு இருக்கு, 31 இருக்கு. இந்த மண்ணில தாயோட கூடப்பிறந்த சின்னம்மாவும் பெரியம்மாவும் தாய்தான். ஃபோமில "இமீடியட் ஃபமிலி" என்று போட்டிருக்கிற பட்டியலில அவங்க இல்ல. பெரியம்மாவின்ட சாவுக்கு லீவு கேட்டவனிட்ட "அது ஆன்டிதானே" என்று குறூப்பில எழுதினாங்க. அவனை வளர்த்தது அந்தப் பெரியம்மா. அவன் அதையும் குறூப்பில விளக்கி எழுதினான். ஏன் அவன் அதை எழுதவேணும்?

திருவிழாக் கணக்கும் இப்படித்தான். கிழக்குக் கரையில சீசன் சித்திரை தொட்டு புரட்டாதி மட்டும். எங்கட கண்ணகை அம்மன் சடங்கு வைகாசியில. கதிர்காமப் பாதயாத்திரை அதோட ஒட்டி. மாமாங்கத் தீர்த்தம் ஆடி அமாவாசையில. எல்லாம் சீசனுக்குள்ள. "சீசன் டைம் நோ லீவ்" என்ற ஒரு வரி, ஒரு ஊரின்ட முழு நாட்காட்டியையும் அடிச்சுத் துடைக்குது. சடங்குக்கு லீவு தராங்கள் என்று தெரிஞ்சவன் காய்ச்சல் என்று எழுதுவான். திருக்குளிர்த்திப் படத்தில அவன் நிக்கிறதை ஆரோ ஃபேஸ்புக்கில போடுவாங்க. அது குறூப்புக்கு வரும். "பாருங்க, இவங்க எல்லாம் பொய்."

ஓம், பொய் சொல்றம். அதையும் ஒளிக்கத் தேவையில்ல. எங்களில ஒருத்தனுக்கு அம்மம்மா மூண்டு தரம் செத்திருக்கா. அவ இப்பவும் பாக்கு இடிச்சுக்கொண்டு திண்ணையில இருக்கிறா, கதையைச் சொன்னால் அவவே சிரிக்கிறா. காரணத்தைக் கேட்டு, காரணத்துக்கு மார்க் போட்டு, மார்க் காணாட்டி லீவை மறுக்கிற இடத்தில நல்ல காரணம் தயாரிக்கிற தொழில் வளரும். சாவுக்கு 100 மார்க், காய்ச்சலுக்கு 60, மனசு சரியில்ல என்றால் பூச்சியம். சட்டம் தந்த 7 நாளைக் காரணம் கேட்காமல் குடுத்துப் பாருங்க, அம்மம்மாமார் நீடூழி வாழ்வாங்க.

இதில மொழியும் இருக்கு. குறூப் ஓடுறது இங்கிலிசிலயும் சிங்களத்திலயும். கல்குடாப் பிள்ளை ஏ.எல். படிச்சிருந்தாலும் விடிய அஞ்சு மணிக்குத் தலையிடியோட இங்கிலிசில நோயை விளங்கப்படுத்த ஏலுமா? "மை மதர் நொட் குட்" என்று எழுதினவனுக்கு வந்த பதிலை இங்க எழுத விரும்பல்ல. அவன் சொல்ல வந்தது அம்மாவுக்குச் சுகமில்ல, கூட்டிக்கொண்டு மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போகவேணும் என்று. சொற்கள் குறைஞ்ச ஆளின்ட உண்மை, சொற்கள் நிறைஞ்ச ஆளின்ட பொய்யை விட மெலிவாத் தெரியும். தமிழில வொய்ஸ் போட்டால் "டைப் பண்ணு" என்று வரும். மட்டக்களப்பில இருந்து 35 கிலோமீற்றரில, தமிழ் பேசுற ஊருக்கு நடுவில, தமிழில "வரமாட்டன்" என்று சொல்ல ஏலாமல் இருக்கிறது. தெற்கில இருந்து வந்த சுப்பவைசரை மட்டும் குற்றம் சொல்லவும் ஏலா. அவர் தன்ட பிள்ளையின்ட பிறந்தநாளுக்குக் குருநாகல் போறதுக்கு வேற ஒரு குறூப்பில இதே மாதிரிக் கெஞ்சுறார். எங்களுக்கு அதைக் காட்டினதும் அவர்தான்.

அப்ப வாட்ஸ்அப்பை விட்டுப்போட்டு முந்தி மாதிரி கோல் எடுத்துச் சொல்லுவமா? வேண்டாம். இதை அழுத்திச் சொல்லவேணும். எங்களில ஒருத்தன் கோலில சொல்லி, "சரி" என்று கேட்டு, நாலாம் நாள் வேலைக்குப் போனால் "நீ சொல்லாமல் நிண்டாய், வேலையைக் கைவிட்டாய்" என்று வாசலில மறிச்சாங்க. மூண்டு நாள் அறிவிக்காமல் நிண்டால் பதவியைக் கைவிட்டதாய்க் கருதப்படும் என்று நியமனக் கடிதத்தில ஒரு வரி போட்டிருப்பாங்க. அந்த வரியைக் காட்டினால் பயந்து போயிராதீங்க. இலங்கையின்ட தொழிற் சட்டத்தில பதவியைக் கைவிட்டார் என்று சொல்ல ரெண்டு விசயம் சேரவேணும்: ஆள் வேலைக்கு வராமல் இருந்ததும், திரும்பி வாற எண்ணம் அவருக்கு இல்லாமல் இருந்ததும். "ரெண்டு நாளில வாறன்" என்று எழுதின ஒரு மெசேஜ் அந்த ரெண்டாவதை உடைக்கும். ஆகவே எழுத்து வேணும். சுப்பவைசருக்கோ எச்.ஆருக்கோ தனியா, தேதியோட, எத்தனை நாள் என்று சொல்லி. ஸ்கிரீன்ஷொட் எடுத்து வேற ஒரு ஆளுக்கும் அனுப்பி வையுங்க, ஏனென்றால் குறூப்பில இருந்து உங்களைத் தூக்கினால் தொலைஞ்ச போனோட எல்லாம் போயிரும். வேலையால நிற்பாட்டினால் தொழில் நியாய சபைக்குப் போக ஆறு மாசம்தான் தவணை. "பாப்பம், கூப்பிடுவாங்க" என்று சீசன் முடியும் மட்டும் காத்திருந்து தவணையைத் தவறவிட்டவங்களை எங்களுக்குத் தெரியும்.

ஜேர்மனியில இருக்கிற மாமாமாரிட்டக் கேட்டுப் பாருங்க. அங்க சுகமில்லாட்டி உடனே வேலை இடத்துக்குச் சொல்லத்தான் வேணும், அது கட்டாயம். ஆனால் என்ன வருத்தம் என்று சொல்லத் தேவையில்ல. 2023 தை தொட்டு டொக்டரின்ட சான்று காப்புறுதிக்கு மின்வழியில போகுது, முதலாளி அங்க இருந்து எடுத்துப் பார்க்கிறார். எடுத்தால் தெரியிறது எந்த நாளில இருந்து எந்த நாள் மட்டும் என்ற தேதிகள். வருத்தத்தின்ட பேர் அதில இல்ல. அதுக்கு முதல் கடதாசி இருந்த காலத்திலயும் முதலாளிக்குப் போற பிரதியில அது இல்ல. அங்க கார் செய்யிற தொழிற்சாலைகள் வருத்தத்தின்ட பேர் தெரியாமலே ஓடுது. இங்க றூம் கூட்டுறதுக்குத் தெரியவேணுமாம். எங்கட நாட்டிலயும் 2022இல தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 9ஆம் இலக்கம், நிறைவேறினது. உடல்நலத் தகவலை விசேட வகைத் தரவு என்று அது சொல்லுது. அதின்ட முக்கியமான பகுதிகளை அமுல்படுத்துறதை 2025இல தள்ளிவச்சிட்டாங்க. தேர்மாமீற்றர் படம் இன்னும் குறூப்பில கிடக்கு.

இனி மற்றப் பக்கம். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எழும்பினால் கடல் கலங்கும், வெள்ளைக்காரர் குறைவாங்க. அப்ப அதே குறூப்பில மேல இருந்து ஒரு மெசேஜ் வரும். பத்துப் பேரின்ட பேர், கீழ ஒரு வரி: "ஃப்ரொம் டுமோரோ நோ டியூட்டி அன்டில் ஃபர்தர் நோட்டீஸ்." இரவு ஒன்பது மணிக்கு. காரணம் இல்ல. பிறூஃப் இல்ல. எத்தனை நாள் என்றும் இல்ல. 48 மணித்தியாலமும் இல்ல. சொறியும் இல்ல. நாங்கள் ஒரு நாள் நிக்கிறதுக்குப் படம் போடவேணும், அவங்க எங்களை மூண்டு மாசம் நிப்பாட்டுறதுக்கு ஒரு வரி போதும். 2020 வைகாசியில, கொரோனாக் காலத்தில, வேலை குடுக்க ஏலாத ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தின்ட அரைவாசி அல்லது 14,500 ரூபா, எது கூடவோ அதைக் குடுக்கிறது என்று அரசாங்கமும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் இருந்து பேசி ஒரு இணக்கத்துக்கு வந்தாங்க. ஆகவே வேலைக்கு வராமல் வீட்டில நிப்பாட்டப்பட்டவனுக்கும் ஒரு கணக்கு உண்டு என்பது இந்த நாட்டில ஒருத்தரும் கேள்விப்படாத விசயம் இல்ல. ஒவ்வொரு மாரிக்கும் அதை மறக்கிறாங்க. சீசனிலயும் நாங்கள் நிண்ட நாளுக்குச் சேர்விஸ் சார்ஜ் பங்கை வெட்ட மட்டும் மறக்கிறதில்ல.

மாரியில இன்னொன்று. வெள்ளம் வந்தால் கிரான் புலிபாய்ந்தகல் றோட்டு தண்ணிக்குக் கீழ போயிரும், படகிலதான் ஆக்கள் வருவாங்க. கரண்ட் இல்ல, சிக்னல் இல்ல. 2024 கார்த்திகை வெள்ளத்தில அந்தப் பக்கத்துப் பிள்ளை ஒண்டு மூண்டு நாள் கழிச்சுத்தான் போனைச் சார்ஜ் போட்டது. குறூப்பைத் திறந்தால் தன்ட பேருக்குக் கீழ ஏழு கேள்விக்குறி. "நீ சுகமா, வீடு இருக்கா" என்று கேட்ட ஒரு மெசேஜும் இல்ல.

எங்கட பக்கமும் சுத்தமில்ல என்பதைச் சொல்லவேணும். போன வருசம் எங்கட வாசிப்புக் கூட்டத்துக்கு ஒருத்தி வரல்ல. குறூப்பில "ஏன் வரல்ல?" என்று கேட்டவங்க நாங்கள்தான். அவள் எழுதின பதிலை வாசிச்ச பிறகு அதை டிலீட் பண்ணச் சொன்னதும் நாங்கள்தான். கேள்வி கேட்டது அன்பில. சுப்பவைசரும் அன்பில கேட்டதென்றுதான் சொல்லுவார்.

ஹோட்டல்காரரிட்ட நாங்கள் கேட்கிறது பெரிசா ஒண்டுமில்ல. லீவு சொல்றதுக்கு ஒரு நம்பர், அதுக்குப் பொறுப்பான ஒரு ஆள், விடிய நாலரை தொட்டு அந்தப் போன் திறந்திருக்கவேணும். வந்த மெசேஜுக்கு அரை மணிக்குள்ள பதில். தமிழில எழுதினாலும் தமிழில சொன்னாலும் ஏற்கவேணும். குறூப்பில ரோஸ்டர் மட்டும் வரட்டும்: இன்னார் இல்ல, இன்னாரின்ட றூம்களை இன்னார் பாக்கிறார், கூடப் பாக்கிறவருக்கு இவ்வளவு. படம் கேட்கக்கூடாது. மெடிக்கல் சான்று தேவையென்றால் எச்.ஆரின்ட கையில. பதில் ஆளைத் தேடுறது அவங்கட பாடு. ஐப்பசியில எங்களை நிப்பாட்டுறதென்றால் அதையும் காரணத்தோட, தேதியோட, கடிதத்தில.

காய்ச்சல்காரி இப்பவும் அங்கதான் வேலை செய்யிறாள். போன கிழமை விடிய அவள் குறூப்பில எழுதல்ல. சுப்பவைசருக்குத் தனியா, தமிழில எழுதினாள்: "இண்டைக்கு ஒரு நாள் அமய விடுமுறை. சொந்த அலுவல். நாளைக்கு வருவன்." ரெண்டு நிமிசத்தில கோல் வந்தது.

"என்ன சொந்த அலுவல்?"

"சொந்தம் சேர்."

கொஞ்ச நேரம் சத்தமில்ல. மறுகா அவர் கேட்டார், மிச்சம் எத்தனை நாள் இருக்கு என்று. அவள் சொன்னாள், நாலு. அண்டைக்கு அவளின்ட 13 றூமையும் மூண்டு பேருக்குப் பிரிச்சுக் குடுத்தாங்களாம். ஸ்டிக்கர்காரனுக்கு அஞ்சு.